திருவண்ணாமலை வட்டாரத்தில் பங்குக் கிணறும் பொது ஊற்றும்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த கிராமங்களில் பயிர்த் தொழில் பெரும்பாலும் கிணற்றை நம்பியே நடைபெற்று வருகிறது. தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூரில் 1958-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணையின் கால்வாய் எட்டும் நிலங்கள் நீங்கலாக, மற்ற இடங்களில் ஏரி பெருகினால் ஒரு போகம், கிணறு ஊறினால் மறு போகம் என்பதே வழக்கம். ஆகவே கிணறு வற்றினால் குடியானவரின் கையில் மிஞ்சுவது கடன் ஒன்றே.

கிணறு வற்றியதற்கு மழை குறைவே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் மழை தவறாத ஆண்டுகளிலும் பங்குனி, சித்திரை மாதங்களில் கிணறுகள் வறண்டுபோவதைக் காண்கிறோமென்றால், காரணத்தை வானத்தில் மட்டும் தேடுவது போதாது. ஒரே ஊற்றைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒவ்வொருவரும் எவ்வாறு நடந்துகொள்கின்றனர், அதனால் எல்லோருக்கும் விளைவது என்ன என்பதையும் ஆராய வேண்டும். நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருக்க வேண்டிய அவ்விஷயம் இங்கே விவரிக்கப்படுகிறது.

பாறையின் இயல்பு

இவ்வட்டாரத்தின் அடித்தளம் கெட்டியான பாறை. மேல் மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறையும், அதற்கும் கீழே வெடிப்புகள் ஓடிய பாறையும் உள்ளன. அச்சிதைவிலும் வெடிப்பிலும் மட்டுமே நீர் தங்குகிறது. ஆற்று மணற்படுகையில் தங்குவது போன்ற பெருநீர் இங்கில்லை. சிதைந்த பாறையின் கனத்தில் நூற்றுக்கு 2 பங்கு அளவே கிணற்றில் வடியக்கூடிய நீர் என்று கொண்டால், ஓர் ஏக்கருக்கு அடியில் ஓர் அடி ஆழப் பாறையில் இருப்பது கால் அங்குல நீரே ஆகும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் என்பது சுமார் 1 லட்சம் லிட்டர்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்தவுடன் கிணறுகள் விறுவிறுவென்று ஏறுவதற்கும், தை பிறந்தபின் அதே வேகத்தில் இறங்குவதற்கும் காரணம் இதுவே. பாறைக்குள் ஓர் அங்குல நீர் இறங்கினால் கிணற்றில் நாலடிக்கு மேல் மட்டம் உயரும். ஏறிய நீரைக் கண்டு, ஊற்று பெரிதென்று எண்ணிவிடுவது எளிது.

பெய்யும் மழையில் சுமார் பத்தில் ஒரு பங்கே இத்தகைய பாறை நிலத்தில் ஊற்றைச் சேருகிறது. ஆண்டில் சுமார் 40 அங்குல மழை பெய்தால் ஏக்கர் ஒன்றுக்கு 4 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். நெல்லுக்கு வேண்டியது சுமார் 48 அங்குலம். கோடைக்கு முந்திய நவரைப் பட்டத்தில் மழையின் உதவி சொற்பமாதலால் அதனை ஏறக்குறைய முழுவதும் கிணறே கொடுக்க வேண்டியிருக்கிறது. இவ்வாறாயின் ஓர் ஏக்கர் நவரை நெல் 12 ஏக்கர் நிலத்தின் ஊற்றைக் குடிக்கிறது. கட்டிய நீரில் பாதி மறுபடியும் கசிந்து கீழே போவதாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 6 ஏக்கரின் ஊற்று செலவாகிறது. மணிலாக்கொட்டைக்குச் சுமார் 20 அங்குலமும் கேழ்வரகுக்குச் சுமார் 14 அங்குலமும் போதும். கரும்புக்கு 80 அங்குலம் வரை வேண்டும்.

தன் நிலம் 2 ஏக்கராயினும் தன் கிணறு அதைச் சுற்றியுள்ள பல ஏக்கரின் நீரைச் சேர்த்தே இறைக்கிறது என்பதை இக்கணக்கால் அறியலாம். வேலி நிலத்தின் மேல்தான் நிற்கிறது. நிலத்தின் கீழே வேலி கிடையாது.

கவலை முதல் நீர்மூழ்கி மோட்டார் வரை

கவலையாலும் ஏற்றத்தாலும் இறைத்த காலத்தில் ஊற்றுக்குத் தானாகவே ஒரு காவல் இருந்தது. நீர்மட்டம் ஆழத்துக்குப் போகப் போக மாடுகள் இளைத்தன, ஆட்கூலி ஏறிற்று, பயிரின் லாபத்தைவிட இறைப்பின் செலவு மிகுந்தவுடன் இறைப்பு நின்றது. எண்ணெய் இஞ்சினும், பின்னர் மின்சார மோட்டாரும் வந்தபோது அந்தக் காவல் தளர்ந்தது.

இப்பகுதி வடஆர்க்காடு ஜில்லாவாக இருந்தபோதே இம்மாறுதல் ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோரும் இலங்கை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஜில்லாவின் நெல் விளையும் கிராமங்களை ஆராய்ந்தனர். அதன் முடிவுகள் 1977-இல் பி. எச். ஃபார்மர் பதிப்பித்த நூலில் வெளியாயின. புதிய நெல் ரகங்களின் பரவுதலுக்குப் பம்புசெட்டு எவ்வளவு துணைசெய்ததோ, அவ்வளவுக்கு நிலத்தடி நீர்மட்டத்தை அது தாழ்த்தி வருவதையும் அந்நூலில் இலங்கைப் புவியியல் அறிஞர் மத்தும பண்டார எடுத்துக்காட்டினார். அஃதாவது, எச்சரிக்கை வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அந்த ஜில்லா 1989-இல் பிரிக்கப்பட்டு, திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று.

தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமின்றி வழங்கப்பட்டது. இது குடியானவர்களுக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதனால் நேர்ந்த ஒரு விளைவை மறைக்கலாகாது. மோட்டாரை ஒரு மணி நேரம் அதிகமாக ஓட்டுவதற்குக் கையிலிருந்து ஒரு காசும் செலவில்லை என்று ஆகும்போது, அந்த ஒரு மணி நேர நீரால் ஒரு காசு லாபம் வருமென்றாலும் ஓட்டத்தான் தோன்றும். மின்சாரம் வந்த கணத்தில் தானே ஓடத் தொடங்கும் ஸ்டார்ட்டர்கள் பொருத்தப்பட்டிருப்பதால், ஒரே வேளையில் எல்லாக் கிணறுகளும் ஓடி ஒன்றின் ஊற்றை மற்றொன்று இழுக்கின்றன. மின்சாரம் வரும் நேரத்தின் அளவைத் தவிர வேறு தடை இப்போது இல்லை.

ஐந்து கிணறுகளின் கணக்கு

விளங்கும்பொருட்டு ஓர் உதாரணம் கொள்வோம். ஒரே ஊற்றின் மேல் ஐந்து பேருக்கு ஐந்து கிணறுகள். ஒவ்வொருவருக்கும் 2 ஏக்கர் நிலம். தை முதல் சித்திரை வரை அந்த ஊற்று தரக்கூடிய நீர் 200 ஏக்கர் அங்குலம். ஐவரும் மணிலாக்கொட்டை வைத்தால் ஒருவருக்கு 40 வீதம் 200 அங்குலம் சரியாக இருக்கிறது. ஒருவர் பயிரும் வாடுவதில்லை.

ஐவரில் ஒருவர் நெல் நடுகிறார். அவருக்கு வேண்டியது 96. மற்ற நால்வருக்கு 160. ஆக 256. குறைவு 56. இக்குறைவு அவர் தலையில் மட்டும் விழுவதில்லை. ஐந்து கிணறுகளிலும் ஏறக்குறைய 11 அங்குலம் வீதம் பரவுகிறது. நெல் நட்டவருக்குக் கிடைப்பது 85. முன்னிலும் 45 அதிகம். அந்த 45-ம் மற்ற நால்வரிடமிருந்து வந்ததாகும். அவர்களுடைய மணிலாக்கொட்டை காய் முற்றும் பருவத்தில் நீரின்றி நிற்கிறது.

அடுத்த ஆண்டில் நால்வரும் என்ன செய்வர்? ‘நாம் விட்டுவைத்த நீர் நம் கிணற்றில் நிற்கவில்லை, அவர் வயலுக்குப் போயிற்று’ என்று காண்கின்றனர். பொறுத்திருப்பவர் நஷ்டமடைய, முந்திக்கொள்பவர் லாபமடைவதால் எல்லோரும் நெல்லே நடுகின்றனர். இப்போது தேவை 480; உள்ளது 200. ஒருவருக்கு 40 அங்குலம் வீதம் கிடைக்கிறது. அது முக்கால் ஏக்கருக்குச் சிறிது மேலான நெல்லைத்தான் கரையேற்றும். மிச்சமுள்ள ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் விதை, உழவு, உரம், நடவுக் கூலி அத்தனையும் வீண். அதே 200 அங்குலத்தில் முன்பு 10 ஏக்கர் மணிலாக்கொட்டை விளைந்தது. இப்போது 4 ஏக்கர் நெல் தேறுகிறது.

இதில் எவரும் மூடர் அல்லர். எவரும் தீயவரும் அல்லர். தனித்தனியே நோக்கினால் ஒவ்வொருவரும் செய்தது கணக்குக்குச் சரியே. ஒவ்வொருவரின் சரியான கணக்கும் சேர்ந்து ஊருக்குத் தவறான கணக்காக முடிகிறது என்பதே இவ்விஷயத்தின் உட்கரு. ஆகையால் ‘சிக்கனமாக இருங்கள்’ என்று தனி மனிதருக்கு உபதேசிப்பதால் மட்டும் பயனில்லை. தாம் சேமித்தது தமக்கே வருமென்ற உறுதி இருந்தால்தான் எவரும் சேமிப்பர். அந்த உறுதியை ஒருவர் தனியாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஊற்றைப் பகிர்ந்துகொள்பவர்கள் கூடித்தான் உண்டாக்க வேண்டும்.

ஆழப்படுத்தும் போட்டி

நீர் குறைந்தவுடன் முதலில் தோன்றும் யோசனை கிணற்றை ஆழப்படுத்துவது. பின்பு கிணற்றுக்குள் துளை போடுவது. அதன்பின் ஆழ்துளைக் கிணறு. முதலில் ஆழப்படுத்துபவர் அண்டைக் கிணறுகளின் நீரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார். அண்டை வீட்டார் சும்மா இருப்பாரா? அவரும் ஆழப்படுத்துகிறார். ஐவரும் அதே ஆழத்துக்குப் போனபின் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பழைய பங்கே. ஆழத்தில் தேங்கிக் கிடந்த பழைய நீர் ஓரிரு ஆண்டுகள் அதிகமாகக் கிடைக்கலாம். அது தீர்ந்தால் ஆண்டுதோறும் மழை தரும் அளவுக்கே திரும்ப வேண்டும். வெடி வைத்த செலவும், துளையிட்ட செலவும், வட்டியும் மட்டும் நிலைத்து நிற்கின்றன.

இப்போட்டியில் முதலில் விழுபவர் சிறு குடியானவர். ஆழப்படுத்தப் பணமில்லாதவரின் கிணறு முதலில் வற்றுகிறது. பின்பு அவர் நீரை அண்டையாரிடம் விலைக்கோ விளைச்சலில் பங்குக்கோ வாங்க வேண்டியவராகிறார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் தண்ணீர் விற்பனையை ஆராய்ந்த சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன், நீர் வாங்கும் உறவு நீரோடு நில்லாமல் கடன், கூலி, விளைபொருள் முதலிய மற்றக் கொடுக்கல் வாங்கல்களோடும் பின்னிக்கொள்வதை 1992-இல் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளார்.

பங்குக் கிணறுகள்

ஒரே கிணற்றில் பலருக்குப் பாத்தியம் இருப்பது இவ்வட்டாரத்தில் சாதாரணம். தகப்பனார் வெட்டிய கிணறு பிள்ளைகளுக்குப் பாகமாகிறது. அவர்கள் பிள்ளைகளுக்கு மறுபடியும் பிரிகிறது. கால் பங்கு, எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று கிரயப் பத்திரங்களிலே எழுதப்படுகின்றன. முறை வைத்து, நாளுக்கோ மணிக்கோ பிரித்து இறைக்கின்றனர்.

இந்த ஏற்பாட்டில் ஓர் அரிய குணம் உண்டு. ஒரே கிணற்றில் இறைப்பவர்கள் நீர்மட்டத்தைக் கண்ணாரக் காண்கின்றனர். யார் எவ்வளவு இறைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். முறை மீறினால் அன்றே கேட்கப்படும். பெரிய ஊற்றைப் பொறுத்தவரை இவ்வாறு காணவும் கேட்கவும் முடியாததே சங்கடம்.

பங்குக் கிணறு குலைவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது, பங்காளி ஒவ்வொருவரும் தனி மோட்டார் வைத்துக்கொள்ளும்போது முறை மறைந்து, வல்ல மோட்டாருக்கே நீர் என்று ஆகிறது. இரண்டாவது, தூர் எடுக்கவும் ஆழப்படுத்தவும் பணம் கொடுக்க இயலாதவரின் பங்கு என்னவாகும் என்பது முன்னதாகப் பேசப்படாமல், பின்னர் வழக்காகிறது. மூன்றாவது, வசதியுள்ள ஒருவர் தம் நிலத்தில் தனியே ஆழ்துளை போட்டுக்கொண்டு பொதுக் கிணற்றின் ஊற்றையே வற்றச் செய்கிறார். அதன்பின் அந்தப் பத்திரத்திலுள்ள பங்கு காகிதத்தில்தான் இருக்கிறது.

சட்டத்தின் நிலை

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதி உரிமைச் சட்டப்படி, குறிப்பிட்ட ஓடையில் ஓடாமல் நிலத்தடியில் பரவியிருக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது நிலச் சொந்தக்காரரின் உரிமை. கவலைக் காலத்தில் இவ்வுரிமையால் பெருந்தீங்கு விளையவில்லை. இன்று ஒருவருடைய உரிமை மற்றவருடைய கிணற்றை வறட்டிவிடுகிறது.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2013-இல் அது நீக்கப்பட்டது. நிலத்தடி நீரின் இருப்பு பிர்கா வாரியாக மதிப்பிடப்பட்டு வருகிறது. ஆண்டில் ஊறுவதில் நூற்றுக்கு 70 வரை எடுத்தால் பத்திரமான பிர்கா. 90-க்கு மேல் அபாய நிலை. 100-ஐ மீறினால் மிகையாக உறிஞ்சப்பட்ட பிர்கா. இம்மதிப்பீடு ஊருக்குத் தன் நிலையைத் தெரிவிக்கும். எவர் எவ்வளவு இறைக்கலாம் என்பதைத் தீர்மானித்துக் கொடுக்காது. அதை ஊரார்தான் செய்ய வேண்டும்.

பிற இடங்களின் அனுபவம்

ஊரார் கூடிச் செய்ய இயலுமா என்ற கேள்விக்கு அனுபவத்திலிருந்து விடை உண்டு. 1911 வரை சித்தூர்ப் பகுதி வடஆர்க்காட்டோடு சேர்ந்திருந்தது. அதன் பாறை நிலமும் இங்குள்ளதைப் போன்றதே. ஆந்திரத்தின் இத்தகைய பாறை நிலக் கிராமங்களில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விளையாட்டை நடத்திப் பார்த்தனர். ஐந்து பேர் ஒரு குழு. சிறிது நீர் குடிக்கும் பயிர், மிகுந்த நீர் குடித்து மிகுந்த லாபம் தரும் பயிர் ஆகிய இரண்டில் ஒன்றை ஒவ்வொருவரும் ஆட்டந்தோறும் தேர்ந்தெடுப்பர். அதற்கேற்பப் பொது நீர்மட்டம் இறங்கும். பயிருக்கும் ஊற்றுக்கும் உள்ள தொடர்பு கண்முன்னே தெரிந்தபோது குடியானவர்கள் கூடி நடந்துகொள்ள வல்லவரே என்பது 2016-இல் வெளியான முடிவு. ஆடவர், பெண்டிர் என்ற வேறுபாடு அதில் இல்லை. 2018-இல் வெளியான தொடர் ஆராய்ச்சியில், விளையாட்டு நடந்த ஊர்கள் மற்ற ஊர்களைவிட நீர்ப் பதிவேடும் நீர் விதிகளும் ஏற்படுத்திக்கொள்ள அதிகமாக முன்வந்தன என்று கண்டனர்.

மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்) மாவட்டத்திலுள்ள ஹிவரே பஜார் கிராமத்தார் பயிருக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்றும், கரும்பும் வாழையும் வைப்பதில்லை என்றும் தாமே விதி செய்துகொண்டு, ஆண்டுதோறும் மழைக்குப்பின் நீர்க்கணக்குப் போட்டுப் பயிரை முடிவுசெய்கின்றனர். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரேமண்ட் நீர்ப்படுகையில் இறைத்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடி முடிவில் எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்ள உடன்பட்டனர். அந்த ஏற்பாட்டை 1949-இல் அந்த மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இத்தகைய பொது ஏற்பாடுகளை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரோம் அம்மையாருக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு அளிக்கப்பட்டது. எங்கும் வெற்றிக்குக் காரணமாயிருந்தவை மூன்று: எல்லோரும் காணக்கூடிய அளவு, எல்லோரும் சேர்ந்து செய்த விதி, மீறியவரைக் கேட்கும் ஆள்.

மலையும் ஊரும்

அண்ணாமலையின் சரிவில் விழும் மழை ஓடைகளின் வழியே தீர்த்தங்களையும் குளங்களையும் நிரப்பி, மிஞ்சியது சமுத்திரம் ஏரி போன்ற ஏரிகளைச் சேரும்படி முன்னோர் அமைத்தனர். 14 கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில் குளங்கள் பல இருப்பது நீராடுவதற்கு மட்டுமன்று; மலைநீரை நிறுத்தி ஊறச் செய்வதற்கும் உதவுகிறது. யாத்திரிகர்கள் பெருகி, விடுதிகளும் வீடுகளும் ஆழ்துளை போட்டு இறைக்கும் இந்நாளில், நகரமும் அதே ஊற்றின் பங்காளியாகிறது. டாங்கர் லாரிக்குத் தண்ணீர் விற்கும் கிணற்றுக்காரர் தம் நீரை மட்டும் விற்பதில்லை என்பதை மேற்சொன்ன ஐந்து கிணற்றுக் கணக்கைக் கொண்டு உணரலாம்.

செய்யத்தக்கவை

1. அளவுக் கிணறு. ஊரில் மேடு, பள்ளம், ஏரியடி என்று நாலைந்து கிணறுகளைத் தேர்ந்து, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், மோட்டார்கள் ஓடாத வேளையில், கயிறு விட்டு நீர்மட்டத்தை அளக்க வேண்டும். அளவை ஊர்ப் பொதுவிடத்தில் எழுதி வைக்க வேண்டும்.

2. மழை அளவு. பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் குறித்துவரலாம்.

3. நீர்க்கணக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தவுடன், நவரை நடவு மும்முரமாகுமுன், கணக்கைப் போட வேண்டும். உதாரணமாக 500 ஏக்கர் பரப்பில் 40 அங்குல மழை பெய்திருந்தால், ஊறியது சுமார் 2,000 ஏக்கர் அங்குலம். மக்களுக்கும் கால்நடைகளுக்கும் 200 ஒதுக்கினால், ஆண்டு முழுவதற்கும் பயிருக்கு 1,800. இது 90 ஏக்கர் மணிலாக்கொட்டைக்குப் போதும். நெல்லானால் 37½ ஏக்கர், கசிந்து திரும்புவதைச் சேர்த்தாலும் 75 ஏக்கர். இக்கணக்கை ஜனவரி 26 கிராம சபையில் படிக்கலாம்.

4. பங்கீடு. நெல் வேண்டுவோருக்கும் இடமுண்டு. ஆனால் ஒருவருக்கு இத்தனை ஏக்கருக்கு மேல் இல்லை என்று எல்லோருக்கும் பொதுவாக வரம்பு கட்ட வேண்டும். நெல்லுக்குக் கட்டிய நீர் மறைந்தபின் மறுமுறை கட்டுவது சேமிப்புத் தரும். கரும்புக்குச் சொட்டுநீர் நன்று. ஆயினும் சேமித்த நீரைக் கொண்டு பரப்பை விரித்தால் ஊற்றுக்கு ஒரு துளியும் மிஞ்சாது.

5. பங்குக் கிணற்றுப் பத்திரம். முறை, மோட்டாரின் குதிரைச் சக்தி, தூர் எடுக்கும் செலவு, பணம் தர இயலாதவர் பின்னர் தவணையில் செலுத்திப் பங்கைக் காத்துக்கொள்ளும் வழி, கிணற்றருகே தனித் துளை போடாமை ஆகியவற்றைச் சச்சரவு எழுமுன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

6. ஏரியும் வரத்துக் கால்வாயும். தூர் எடுத்து, ஆக்கிரமிப்பை நீக்கினால் ஊற்று பெருகும். ஆயினும் வரம்பு இல்லாத இடத்தில் பெருகிய ஊற்றும் அதே போட்டியில் தீரும். மதகை அடைத்து ஏரியை ஊற்றுக்காக மட்டும் வைத்திருக்க விரும்பும் கிணற்றுக்காரர்கள், கிணறில்லாத ஆயக்கட்டுதாரர்களின் இசைவைப் பெறாமல் அவ்வாறு செய்தல் முறையன்று.

7. கிராம அதிகாரிகளின் கடமை. அடங்கலில் எழுதப்படும் சாகுபடிப் பரப்பும் பாசன ஆதாரமும் உண்மையாக இருந்தால், நீர்க்கணக்கின் பாதி வேலை முடிந்ததாகும். புதிதாகத் தோண்டப்பட்டவையும், வற்றிக் கைவிடப்பட்டவையும் ஆண்டுதோறும் தவறாமல் பதிவாக வேண்டும்.

இவற்றுள் முதலாவது மிக எளிது. கயிறும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஓர் ஊரில் பன்னிரண்டு மாத அளவு கையில் இருந்தால், நவரைக்கு முன்னதாக நடக்கும் கூட்டத்தில் ஒருவரையொருவர் குறை சொல்வது நின்று, எத்தனை ஏக்கர் நடலாம் என்ற பேச்சு தொடங்கும். இவ்வாண்டு மழை ஓயுமுன் அளவுக் கிணறுகளைத் தேர்ந்து வைப்பது நலம்.